உங்கள் கேரக்டர் பார்க்க எப்படி இருப்பார்? இருபது விநாடியில் சொல்லிப் பழகுவோம்

ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராக மாறி, பேசியும் டைஸ் உருட்டியும் கதை ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டம். அதன் முதல் செஷன். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தாயிற்று. "சரி, உங்க கேரக்டர் பாக்க எப்படி இருப்பாங்க?" என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டர் கேட்கிறார். புதிதாக ஆட வந்தவர் தன் கேரக்டரின் விவரம் எழுதிய ஷீட்டைக் குனிந்து பார்த்து வாசிக்கிறார்: "உயரம் ஆறடி, கண்ணு பச்சை, முடி கறுப்பு..." பத்து நிமிஷம் கழித்து அந்தக் கேரக்டருக்கு மேசையில் ஒரே பெயர்தான்: "அந்த வில்லுக்காரன்."

நான் இதைவிட மோசம். முதல் கேரக்டருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போய், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை கேசாதிபாதமாகவே வாசித்தேன். இடுப்புக்கு வருவதற்குள் எதிரே இருந்தவர் டைஸை அடுக்கிக் கோபுரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

காதால் கேட்பதில் இரண்டு மூன்று விஷயம்தான் மனதில் தங்கும். அந்த இரண்டு மூன்றைப் பொறுக்குவதுதான் வேலை.

படி 1: ஷீட்டைப் படியுங்கள், வாசித்துக் காட்டாதீர்கள்

இவ்வகை ஆட்டங்களில் ஒன்றான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு (2014) கேரக்டர் ஷீட்டில் தோற்றத்துக்கென்று ஆறு கட்டங்கள்: வயது, உயரம், எடை, கண், தோல், முடி. ஆறையும் நிரப்பினால் கிடைப்பது ஓர் அடையாள அட்டை. ஆள் கிடைக்க மாட்டார்.

உயரம் முடிவாகவில்லையா, உருட்டிக்கொள்ளலாம். அதே பதிப்பில் மனிதர்களுக்கு 4 அடி 8 அங்குலத்தோடு இரண்டு பத்துமுக டைஸின் கூட்டுத்தொகையை அங்குலமாகச் சேர்க்க வேண்டும். 4 அடி 10 அங்குலத்திலிருந்து 6 அடி 4 அங்குலம் வரை எதுவும் வரலாம். ஆனால் அந்த எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். ஹாஃப்லிங் என்ற குட்டையான இனத்தைச் சேர்ந்த மூன்றடி ஆள் என்றால், "மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்தா கண்ணும் புருவமும்தான் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள். உயரமும் வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டார்.

உடல் பலத்தைக் காட்டும் ஸ்ட்ரெங்த் எண்ணைக் குறைவாக 8 என்று வைத்துக்கொண்டு கட்டுமஸ்தான உடம்பு என்றால் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. பார்க்க மலை மாதிரி இருந்தும் ஒரு பீப்பாயை நகர்த்த முடியாதவர் சுவாரசியமான ஆள்தான். முரண்பாடு இருக்கலாம், தெரிந்து வைத்ததாக இருக்க வேண்டும்.

படி 2: தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள்

இதுதான் முக்கியம், இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். உங்கள் கேரக்டர் ஒரு வாசலில் வந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இருபது அடி தள்ளி நிற்பவருக்கு முதலில் என்ன தெரியும்? உருவம், நடை, சுமந்து வரும் பொருள். கிட்டே வந்தால்? முகம், கை, உடுப்பின் தேய்மானம், வாசனை. வாயைத் திறந்தால்? குரல், பேசும் வேகம், கண் எங்கே போகிறது என்பது.

ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில். கொடிலன் என்று ஒரு கொல்லனை வைத்துக்கொள்வோம், இப்போது சண்டைக்காரனாகிவிட்டவன்.

"தூரத்துல பாத்தா வலது தோள் மட்டும் பெருசா, ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி நடந்து வர்றான். கிட்ட வந்தா இடது புருவம் இல்ல, தீயில பொசுங்கினது திரும்ப முளைக்கல. சம்மட்டிச் சத்தத்துல காது பாதி மந்தம், அதனால ரகசியத்தக்கூட உரக்கத்தான் பேசுவான்."

முடி நிறமே வரவில்லை, யாரும் கேட்கவும் போவதில்லை. ஆனால் அந்த மந்தக் காதைக் கவனியுங்கள். காவலர்கள் நடமாடும் இடத்தில் கொடிலன் வாயைத் திறந்ததும் பக்கத்துப் பிளேயர் பாய்ந்து வாயைப் பொத்துவார். மற்றவர்கள் கைவைக்க ஏதாவது இருக்கிற விவரணை ஆட்டத்துக்குள் வந்துவிடும். பச்சைக் கண்ணில் யாரும் எதையும் செய்ய முடியாது.

ஒன்றும் தோன்றாவிட்டால் கடன் வாங்குங்கள். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டத்தில் முகம், கண், உடல்வாகு, உடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சில சொற்களைப் பட்டியலாகவே கொடுத்திருப்பார்கள், பொறுக்கிக்கொண்டால் போதும். வேறு ஆட்டம் ஆடினாலும் அந்த முறை உதவும்.

படி 3: "அழகு", "பயங்கரம்" இரண்டையும் அடியுங்கள்

"பேரழகி" என்றால் ஆளாளுக்கு ஒரு முகம் தோன்றும். ஆளுமையின் ஈர்ப்பைக் காட்டும் கரிஸ்மா எண் 18 என்று உயர்ந்திருந்தாலும் அது அழகு அல்ல. அதனால்தான் 1985இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் துணைநூல் ஒன்று தோற்றத்துக்கென்றே 'கம்லினஸ்' என்று, ஸ்ட்ரெங்த், கரிஸ்மா போன்ற ஆறு எண்களோடு ஏழாவதாக ஒரு எண்ணைச் சேர்த்துப் பார்த்தது. அழகைச் சொல்ல வேண்டுமென்றால் அது என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்: "அவ உள்ள வந்தா வாசிக்கிறவன் தாளம் தப்பும்."

"அவனப் பாத்ததும் உங்களுக்குக் குலை நடுங்கும்" என்பதும் கூடாது. நடுங்குவதா இல்லையா என்பது அந்தப் பிளேயரின் உரிமை. நடுங்கவைக்கும் காரணத்தை மட்டும் நீங்கள் வையுங்கள்.

படி 4: அவனா, அவரா, நானா?

தமிழில் ஆடும்போது இது தனிக் கருவி. "வந்து நின்னான்" என்பதற்கும் "வந்து நின்னாரு" என்பதற்கும் நடுவில் வயது, மதிப்பு, பயம் எல்லாம் இருக்கிறது. ஒரு சொல் செலவில்லாமல் கேட்பவருக்கு அது போய்ச் சேரும். "நான்" என்று சொல்வதானால் ஒரு சிக்கல்: உங்களுக்கே தெரியாத உங்கள் முதுகை எப்படி வர்ணிப்பீர்கள்? எனக்குத் தோற்றம் சொல்லும்போது படர்க்கை, பேச ஆரம்பித்ததும் தன்மை. குழப்பம் வந்ததில்லை.

படி 5: வாய்விட்டுச் சொல்லுங்கள்

போனில் டைமர் வையுங்கள். இருபது விநாடி தாண்டினால் ஒன்றை வெட்டுங்கள். நாக்கு இடறும் இடங்களும் அப்போதுதான் தெரியும். எழுதி வாசித்தால் வாசிப்பது போலவே இருக்கும், குறிப்புச் சொற்கள் மூன்று போதும்.

படி 6: ஒன்றை மறைத்து வையுங்கள்

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டாம். கையுறைக்குள் இல்லாத விரல், கழுத்துப்பட்டைக்குக் கீழே பச்சை குத்தியது, இப்படி ஏதாவது ஒன்றைக் கேம் மாஸ்டரிடம் மட்டும் சொல்லிவையுங்கள். என்றைக்கு வெளியே வர வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்வார்.

பிறகு, தோற்றக் கட்டங்களைப் பென்சிலால் எழுதுங்கள். டிராகன் ஒருமுறை மூச்சுவிட்டால் கொடிலனின் இன்னொரு புருவமும் போய்விடும், அழித்து எழுத வேண்டியிருக்கும்.