பயிற்சிக் கேள்விகளில் இந்தத் தவறுகள் வேண்டாம்

நர்சிங் தேர்வுக்குப் படிக்கும் ஜூனியர்களின் நோட்டைப் புரட்டினால் என் பழைய நோட்டையே பார்ப்பது போலிருக்கிறது. தூக்கம், கடைசி நேரப் படிப்பு பற்றியெல்லாம் நான் சொல்லி ஆக வேண்டியதில்லை.

பிரிவு பிரிவாகவே போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். இதய நோய்ப் பாடம் முடித்த கையோடு அதிலேயே ஐம்பது கேள்வி போடுவேன். நாற்பத்தைந்து சரி. அப்புறம் மகப்பேறு, அதுவும் அப்படியே. பாதி விடையைத் தலைப்பே சொல்லிக்கொடுத்தது எனக்கு உறைக்கவில்லை.

எல்லாம் கலந்த மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: டிகாக்சினும் ஃபுரோசமைடும் எடுக்கும் முதியவர், இரண்டு நாளாகக் குமட்டல், பசியில்லை, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? அதற்கு முந்தைய கேள்வி குழந்தைக் காய்ச்சல், அடுத்தது மனநலம். நான் ‘மஞ்சள்’ என்றதும் கல்லீரலுக்குப் போய்விட்டேன். இதயப் பிரிவில் இதே கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்: இதய மருந்தான டிகாக்சின் உடலில் கூடிப்போய் நச்சாவது. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடும். அடுத்த டோஸைக் கொடுக்காமல் நிறுத்தி, மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுக்கத் துடிப்பை எண்ணி, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வார்டில் எந்த நோயாளியும் பாடத் தலைப்பை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஐந்து பிரிவுகளில் இருந்து நாலு நாலு கேள்வி எடுத்துக் கலைத்துப் போடுங்கள். மதிப்பெண் சரியும். சரியட்டும்.

குருட்டாம்போக்கில் வந்த ‘சரி’

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, கருப்பை தளர்ந்திருக்கிறது என்றால் முதலில் மசாஜ். கருப்பை வலப்பக்கம் விலகி இருக்கிறது என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கலாம். முதலில் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமலே இரண்டிலும் டிக் வாங்கியவள் நான். ஊகித்துப் போட்ட விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தப்பானவற்றோடு சேர்த்து அவற்றின் விளக்கத்தையும் படியுங்கள்.

விடை எழுத்தை மனப்பாடம் செய்வது

‘விடை B’ என்று மட்டும் நினைவிருந்தால், விடைகளின் வரிசையை மாற்றிக் கேட்டால் போச்சு.

கணக்கைத் தள்ளிப்போடுவது

டிரிப்பில் ஏற்ற 1000 மி.லி. திரவம், 8 மணி நேரம், மி.லி.க்கு 15 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு 31 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்து 1875 என்று எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் சொட்டா?