டிரெட்லாக்ஸின் முதல் வருடம்: தலையைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த கையோடு, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நிறையப் பையன்களுக்கு, முடியைச் சிக்காக்கிச் சடைசடையாகத் தொங்கவிடும் டிரெட்லாக்ஸ் ஆசை வந்துவிடும். ஐந்து வருடம் கட்டொழுங்கு ஆசிரியருக்குப் பயந்து ஒட்ட வெட்டிய தலை, விடுதலை கிடைத்ததும் வேறு எதைக் கேட்கும்? முடி ஒரு சாண் வளரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அப்புறம் நண்பன் வீட்டு வராந்தா, ஒரு சீப்பு, ஒரு யூடியூப் வீடியோ. ஒரே ராத்திரியில் வேலை முடிந்துவிடும். சில மாதம் கழித்து என் கடைக்கு வருவார்கள்.

முடிவெட்டும் கடைதான் என்னுடையது. ஓரமாக டிரெட்லாக்ஸும் போட்டுக் கொடுக்கிறேன், பிறர் போட்டதைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். இரண்டாவதில்தான் வேலை அதிகம். வருகிற கோளாறுகள் எல்லாம் பழைய முகங்கள். அவற்றில் பல ஒரு காலத்தில் என் தலையிலேயே குடியிருந்தவை.

குளிக்காமல் கிடந்தால்தான் சடை பிடிக்கும் என்ற கதையை இப்போது யாரும் நம்புவதில்லை. எண்ணெய்ப் பசை இல்லாத, சுத்தமான முடிதான் சீக்கிரம் பின்னிக்கொள்ளும். இப்படித் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

மெழுகு டப்பா

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இது ஒன்றைப் பார்த்தால்தான். ஆன்லைனில் 'டிரெட் வேக்ஸ்' என்று சின்ன டப்பாவில் விற்பார்கள். உள்ளே பெரும்பாலும் தேன்மெழுகு. மலிவான சரக்கென்றால் பெட்ரோலியம் ஜெல்லி கலந்திருக்கும்.

பையன்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பது புரிகிறது. நம்மில் பலருக்கு நேர்முடி, இல்லையென்றால் லேசான அலைமுடி. வழுக்கிக்கொண்டே இருக்கும். சீப்பால் நுனியிலிருந்து வேர்ப் பக்கமாகத் தள்ளித் தள்ளி எவ்வளவு சிக்காக்கி வைத்தாலும், மறுநாள் காலையில் பாதி அவிழ்ந்து பிசிறு பிசிறாக நிற்கும். மெழுகைத் தடவினால் பிசிறெல்லாம் படிந்து, சடை கறுகறுவென்று மின்னும். அன்றைக்கு எடுக்கும் போட்டோவும் நன்றாகத்தான் வரும். மெழுகு கொடுக்கும் லாபம் அந்தப் போட்டோவோடு சரி.

சடை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முடியின் மேல்தோலும் நுண்ணிய செதில்களால் ஆனது. முடியோடு முடி உரசும்போது செதில்கள் ஒன்றையொன்று பற்றி, முடிச்சு விழுந்து, இறுகுகிறது. அதற்கு முடி அசைய வேண்டும். தூங்கும்போது தலையணையில் உரச வேண்டும், குளிக்கும்போது சுருங்க வேண்டும். மெழுகு அந்த அசைவை நிறுத்திவிடுகிறது. வெளியே பார்த்தால் சடை, உள்ளே முடிச்சே கிடையாது. வெறும் பசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, பிறகு கழுவிவிடலாம் என்பார்கள். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். தலை தாங்கும் வெந்நீர் 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மெழுகு உருகும் சூட்டில் தண்ணீர் ஊற்றினால் முதலில் வெந்து போவது தோல். ஷாம்பூ மேலே இருப்பதைக் கொஞ்சம் எடுக்கும், நடுவில் இருப்பதைத் தொடாது. நம் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் மெழுகு உருகாது, ஆனால் இளகும். இளகி இன்னும் உள்ளே இறங்கும். இறங்குகிற வழியில் தோட்டத்துச் செம்மண் தூசி, தொப்பியின் நூல், தலையணைப் பஞ்சு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வியர்வையும் மழைத் தண்ணீரும் எப்படியாவது உள்ளே போய்விடும். வெளியே வர மெழுகு விடாது.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற பையன் ஒருவன் வந்தான். கோலாலம்பூரில் ஒரு கடையில் 400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் போட்டுக்கொண்டது. மாதா மாதம் மெழுகு தடவச் சொல்லியிருக்கிறார்கள், இவனும் சொன்ன பேச்சு தட்டாமல் தடவியிருக்கிறான். வீட்டில் வாடை வருகிறதென்று அம்மா முதலில் தலையணை உறையை மாற்றினாராம், பிறகு தலையணையையே மாற்றினாராம், கடைசியில் மெத்தையை வெயிலில் போட்டாராம். "அண்ணே, வாடை மட்டும் போனால் போதும், சடை இருக்கட்டும்" என்றான். பின்கழுத்துப் பக்கம் ஒன்றை வெட்டிப் பிளந்து காட்டினேன். வெளியே கறுப்பு மினுமினுப்பு. நடுவில் சாம்பல் நிறத்தில் ஈரம், பூஞ்சணம்.

மெழுகை எடுக்க நான் செய்கிற வழி, எண்ணெயில் கரைப்பது. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கை பொறுக்கும் பதத்தில் சடை சடையாக ஊறவைத்து, பிழிந்து, பாத்திரம் கழுவும் சோப்பால் அந்த எண்ணெயை எடுக்க வேண்டும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. வேலை முடிந்து சாயங்காலம் சாயங்காலமாக வந்து உட்கார்ந்தான், பாவம். ஓரங்களில் கொஞ்சம் சுத்தமானது. மெழுகு போனதும் அந்தச் சடைகள் அப்படியே அவிழ்ந்துகொண்டன, உள்ளேதான் முடிச்சே இல்லையே. மற்றவற்றுக்கு மிஷின்தான். கோலாலம்பூர் கடைக்காரரிடம் போனில் கேட்டிருக்கிறான். மெழுகு போதவில்லை, இன்னும் அதிகமாகத் தடவியிருக்க வேண்டும் என்று பதில் வந்ததாம்!

ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி படத்தைக் காட்டி, அதே போல அடுத்த வாரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜமைக்காவில் 1930களில் ராஸ்தாஃபாரி என்ற சமய இயக்கம் தோன்றியது, அதைச் சேர்ந்தவர்கள் சடை வளர்த்தது எந்த டப்பாவையும் வைத்து அல்ல. அவர்களுடைய முடி சுருள்சுருளானது, வெட்டாமல் சீவாமல் விட்டாலே பின்னிக்கொள்ளும். நேர்முடிக்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். சீப்பால் தள்ளிப் போட்டதை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நுனியில் கொக்கி உள்ள 0.5 அல்லது 0.75 மில்லிமீட்டர் குரோஷே ஊசியால் உள்ளே இழுத்துவிடுங்கள். படிய வைக்க ஏதாவது தடவியே ஆகவேண்டும் என்றால், வடிகட்டிய கற்றாழைச் சாறு கொஞ்சம் போதும், தண்ணீரில் போய்விடும்.

எந்த டப்பா வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டாணி அளவு எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கட்டியாக மிதந்தால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுங்கள், மோட்டார் சங்கிலிக்குக்கூட வேண்டாம்.

ராத்திரித் தலைக்குளியல்

காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிற நாடு இது. மத்தியானத்துக்கு மேல் மழை, தைப்பிங் பக்கம் சொல்லவே வேண்டாம். மழைக்கால ராத்திரியில் துணியே காய்வதில்லை, சடை மட்டும் எப்படிக் காயும்? வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே படுப்பதும், காலையில் அரைகுறை ஈரத்தோடு ஹெல்மெட்டை மாட்டுவதும், நனைந்த பாயைச் சுருட்டிப் பரண்மேல் போடுவது போலத்தான். மெழுகே போடாத தலையிலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

விடுமுறை நாளில், காலையில் குளியுங்கள். வாரம் ஒரு முறை போதும், வெயிலில் வேலை செய்பவர்கள் இரண்டு முறை. ஷாம்பூவைத் தலைத்தோலில் தேய்த்து, நுரை சடை வழியாக இறங்கும்படி விட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் பிழியுங்கள். மின்விசிறிக்கு முன்னால் உட்காருங்கள், அவசரமென்றால் ஹேர் டிரையரைச் சூடு குறைத்து வைத்துப் பிடியுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்து நடுவில் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. வழியில் மழையில் மாட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இதுதான்.

தீபாவளி எண்ணெய், சீயக்காய், பால் குடம்

எந்த வெளிநாட்டு வீடியோவும் இதைச் சொல்லாது. தீபாவளியன்று விடியற்காலையில் பாட்டி கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு நிற்பார். வேண்டாம் என்று சொல்ல எந்தப் பேரனுக்கும் வாய் வராது. உச்சியில் ஒரு சொட்டு வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை உடம்புக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். தலை முழுக்க எண்ணெய் வைத்தால் முடி வழுக்கி, கட்டிய முடிச்சு தளர்ந்துவிடும். அதைவிட மோசம் எண்ணெய்க்குப் பின்னால் வருகிற சீயக்காய்த் தூள். சாதாரண முடியில் அலசினால் போய்விடும். சடைக்குள் நுழைந்த தூள் அங்கேயே தங்கி, பழுப்புப் பழுப்பாக மாதக்கணக்கில் உதிரும். கடலைமாவும் அப்படியே. தூளைச் சுடுநீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டிய தண்ணீர் என்றால் பரவாயில்லை.

பால் குடம் எடுப்பவர்கள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குடம் எப்படியும் தளும்பும். சடைக்குள் இறங்கிய பால் அன்று மாலைக்குள் புளித்துவிடும். கோயிலில் சில பாட்டிமார் உங்கள் தலையைச் சாமி சடை என்று நினைத்துக் கை நிறைய விபூதியை உச்சியில் கொட்டுவார்கள். மறுக்க முடியாது. வீட்டுக்கு வந்து குனிந்து தட்டிவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். தட்டாமல் நனைத்தால் பசையாகிவிடும்.

ரப்பர் பேண்ட்

மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை 1877இல் பக்கத்தில் கோலகங்சாரில்தான் நட்டார்கள், அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்ணெயும் சூடும் பட்டால் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். புதுச் சடை அவிழாமல் இருக்க வேரிலும் நுனியிலும் மாட்டிய பேண்டைச் சுற்றி முடி வளர்ந்து மூடிவிட்டால், சடையை வெட்டித்தான் அதை எடுக்க முடியும். வேரில் இறுகியது முடியையே அறுக்கும். முதல் சில வாரத்துக்கு மேல் எங்கேயும் விட்டுவைக்காதீர்கள்.

வெள்ளைத் துண்டு

தலை துவட்ட வேண்டாம், அதன் நூல் சடையில் ஒட்டும். பழைய கறுப்பு டீ-சட்டை போதும்.

வேரைப் பிரிக்காமல் விடுவது

ஒரு நாளில் சாதாரணமாக ஐம்பதிலிருந்து நூறு முடி உதிரும். சீவாத தலையில் அது கீழே விழாது, சடையிலேயே தங்கிவிடும். வேர்ப் பக்கத்தில் சில முடிகள் அடுத்த சடையோடு கை கோத்துக்கொள்ளும். பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் அழகாகச் செங்கல் அடுக்கு மாதிரிப் பாகம் பிரித்துப் போட்டுக்கொண்டு போனார். பள்ளி வேலையில் தலையைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது பிடரியில் எல்லாம் சேர்ந்து ஒரே பலகை. பிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. குளித்த பிறகு, ஈரம் பாதி காய்ந்த நேரத்தில், பக்கத்துப் பக்கத்துச் சடைகளை வேரில் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பத்து நிமிட வேலை.

வாரா வாரம் முறுக்குவது

வேர் புதிதாக வளர்ந்து தளர்ந்திருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போதும். முறுக்கியபின் வலித்தாலோ, நெற்றியோரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தாலோ, அது அளவுக்கு மீறிய இறுக்கம். இழுத்துக்கொண்டே இருந்தால் கன்னப்பொறியில் முடி பின்வாங்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பை தழும்பாகி, அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது. குரோஷே ஊசியும் அப்படித்தான். குத்திக் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற முடி அறுந்து, சடை வெளியே கெட்டியாகவும் நடுவே பலவீனமாகவும் ஆகிவிடும்.

ஆப்பச்சோடா

சடையைச் சுத்தம் செய்ய இதில் ஊறவைப்பது நாலைந்து மாதத்துக்கு ஒரு தரம், அதுவும் நிறையத் தண்ணீரில். தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, சோடா காரம். மாதா மாதம் ஊறவைத்தால் முடி துடைப்பக்குச்சியாக முறியும்.

மூன்றாம் மாதம் பயந்து வெட்டுவது

மூன்றாம் மாதம் தலை அசிங்கமாகத்தான் இருக்கும். ஒரு சடை தடித்து நிற்கும், ஒன்று வளைந்து கொக்கி போடும், ஒன்றின் நடுவே முடி வளையமாக வெளியே தள்ளும், நீளமும் குறைந்திருக்கும். முடிச்சு உள்ளே இறுகும்போது இவையெல்லாம் வரத்தான் செய்யும். பயந்துபோய் மெழுகு டப்பாவைத் தேடுகிற நேரமும் இதுதான். ஒன்றும் செய்யாதீர்கள். வேலைக்குப் போகும்போது ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். அரிப்பு நிற்காமல், தோல் சிவந்து செதில் செதிலாக உதிர்ந்தால் மட்டும் கிளினிக்குக்குப் போங்கள். அதற்கு நான் மருந்து சொல்ல மாட்டேன்.

வேண்டுதல் பாக்கி இருக்கும்போது தொடங்குவது

அடுத்த தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் மொட்டை போடுவதாக அம்மா உங்கள் பெயரில் வேண்டிக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் பிறக்கும்போது வேண்டியதாகக்கூட இருக்கலாம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும். மொட்டைக்குப் பிறகு சடை போடும் நீளத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நேர்த்திக்கடனை முடித்துவிட்டே வாருங்கள், கடை எங்கும் போகாது.