கஷ்டப்பட்டு கன்று போட்ட மாட்டின் பால் சீட்டைப் படிப்பது எப்படி?

பால் சொசைட்டியில் தரும் சீட்டில் முக்கியமாக இரண்டு எண்கள் இருக்கும்: கொழுப்பு, எஸ்.என்.எப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள புரதம், சர்க்கரை, உப்பு போன்ற திடப்பொருள்). நம்மில் பலர் அதைப் பார்ப்பது லிட்டருக்கு என்ன விலை விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். ஆனால் கன்று போட்ட முதல் இரண்டு மாதத்தில் அந்த எண்கள் மாட்டின் உடம்பைப் பற்றி நிறையச் சொல்லும், அதுவும் ஆள் வைத்து இழுத்துக் கன்று எடுத்த மாடாக இருந்தால் தினமும் பார்த்தே ஆக வேண்டும். புதிதாக ஒன்றிரண்டு ஜெர்சி கிராஸோ எச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கிராஸோ வாங்கிக் கட்டியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன், அனுபவசாலிகள் பாதியைத் தாண்டிப் படிக்கலாம்.

பிரசவம் சிரமமானால் பால் தரம் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது அவ்வளவு நேரடியான கதை இல்லை. ஹோல்ஸ்டீன் மாடுகளின் பால் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெளிவாகக் குறைவது பாலின் அளவுதான். அளவு குறைவதால் கொழுப்பும் புரதமும் கிலோக் கணக்கில் குறைகின்றன, சதவீதம் பெரிதாக அசைவதில்லை. அப்படியானால் உங்கள் மாட்டில் சதவீதம் சட்டென்று மாறினால் என்ன அர்த்தம்? பிரசவத்துக்குப் பின்னால் வேறு ஒன்று வந்திருக்கிறது: தீனி எடுக்காதது, கருப்பைப் புண், மடிநோய், இப்படி ஏதாவது. அது எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: கன்று போட்ட விதத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். தேதி, எத்தனையாவது ஈத்து, கன்று ஆணா பெண்ணா, நஞ்சுக்கொடி எத்தனை மணிக்கு விழுந்தது. அதோடு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். தானாகப் போட்டால் 1, லேசாகக் கை கொடுத்தால் 2, உதவி இல்லாமல் முடியாது என்ற நிலை 3, பலமாக இழுக்க வேண்டியிருந்தால் 4, அறுவை சிகிச்சை போல மிகவும் மோசம் என்றால் 5. மற்ற நாடுகளின் பால் பண்ணைகளிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் பதிகிறார்கள். தலையீத்துக் கிடேரிக்கு 3, 4 வருவது சகஜம், ஏனென்றால் இடுப்பெலும்பு இன்னும் முழுதாக விரிந்திருக்காது. ஆண் கன்று பொதுவாகக் கனமாக இருக்கும், அதுவும் ஒரு காரணம்.

பனிக்குடம் தெரிந்து ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றமே இல்லை என்றால் நான்கு பேரைக் கூப்பிட்டு கயிறு கட்டி இழுக்க வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள், கையை விட்டுப் பிய்த்து எடுக்காதீர்கள்.

படி 2: சீம்பாலைக் கன்றுக்குக் கொடுங்கள், சீட்டுக்கு அல்ல

முதல் கறவையில் வரும் சீம்பாலில் புரதம் மட்டும் சுமார் 14 சதவீதம் இருக்கும், சாதாரணப் பாலில் 3 சதவீதத்தை ஒட்டித்தான். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சாதாரணப் பாலில் இருப்பதில் பாதிதான். இரண்டாவது, மூன்றாவது கறவையிலேயே புரதம் மளமளவென்று இறங்கிவிடும். சீம்பால் அடுப்பில் வைத்ததும் திரண்டுகொள்வதற்கு அந்தப் புரதம்தான் காரணம், சொசைட்டியில் முதல் சில நாள் பாலை வாங்காததற்கும் அதுதான் காரணம். எனவே இந்த நாட்களின் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கஷ்டப்பட்டு வெளியே வந்த கன்று மூச்சுத் திணறிச் சோர்ந்து கிடக்கும், தானாக எழுந்து காம்பைத் தேடாது. அதற்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும், ஏனென்றால் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைகிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கறந்து பாட்டிலில் கொடுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், 22 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதில் பாதிக்கு மேல் முதல் வேளையிலேயே போக வேண்டும்.

படி 3: ஆறாம் நாளிலிருந்து பதிவு

காலைப் பாலைக் காலைப் பாலோடும், மாலைப் பாலை மாலைப் பாலோடும் மட்டும் ஒப்பிடுங்கள். கறவைக்கு இடையிலான நேரம் குறைவாக இருந்தால் கொழுப்பு கூடும், நம் ஊர்களில் மாலையில் அப்படித்தான் வரும். மாதிரி எடுக்கும்போது முழுப் பாலையும் கறந்து கலக்கி எடுங்கள். முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசியில் பிழிந்து எடுக்கும் பாலில்தான் அதிகம்.

வீட்டில் லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) இருந்தால் எஸ்.என்.எப்.பை நீங்களே தோராயமாகப் போடலாம். பாலின் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்திய லாக்டோமீட்டர் டிகிரியை 4-ஆல் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, 0.44 சேருங்கள். டிகிரி 28, கொழுப்பு 4 என்றால் 7 + 1 + 0.44, அதாவது 8.44. கடைசியில் சேர்க்கும் எண் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் சொசைட்டியில் எதைப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பசும்பாலுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2, எஸ்.என்.எப். 8.3.

படி 4: எண் மாறினால் என்னவென்று பாருங்கள்

கொழுப்பு திடீரென்று ஏறுகிறது, பால் குறைகிறது. இதைத்தான் எல்லோரும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். 4.2 வந்துகொண்டிருந்த மாடு 5.8 காட்டினால் சந்தோஷப்படுவோம், காசு கூட வரும் என்று. ஆனால் வலியில் இருக்கும் மாடு தீனி எடுக்காது, பாலோ உடம்பிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், அப்போது உடம்பிலிருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தம் வழியாக மடிக்கு வந்து பாலில் சேர்கிறது. அதாவது உங்கள் மாடு தன் உடம்பை உருக்கி உங்களுக்கு கொழுப்பு காட்டுகிறது. சீட்டில் புரதமும் வந்தால் கொழுப்பைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள், 1.5-க்கு மேல் தொடர்ந்து நின்றால் கீட்டோசிஸ் (உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் நோய்) இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மூச்சில் பழவாடை மாதிரி ஒரு வாசம், அடர் தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடிப்பது, விலா தெரிய இளைப்பது, இவையும் சேர்ந்தால் அன்றே டாக்டர். பாலையோ சிறுநீரையோ வைத்து அங்கேயே சோதித்துச் சொல்லிவிடுவார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சினையில் அளவுக்கு மீறிக் கொழுத்த மாட்டுக்கு பிரசவமும் கஷ்டம், அப்புறம் கொழுப்பு கரைவதும் அதிகம். இரண்டுக்கும் வேர் ஒன்றே, பிரசவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொழுப்பு இறங்குகிறது. மாடு பாலை அடக்கிக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள். வலியும் பயமும் இருந்தால் பால் இறங்குவதற்கான ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்யாது, கொழுப்பு நிறைந்த கடைசிப் பால் மடியிலேயே தங்கிவிடும். அதற்கென்று ஆக்சிடோசின் ஊசியைக் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். பால் முழுதாக இறங்கியும் கொழுப்பு குறைந்தால் தீவனத்தைப் பாருங்கள். "பாவம், களைத்துப்போயிருக்கிறது" என்று ஒரேயடியாக மாவும் தவிடும் கொட்டியிருப்போம், வயிறு புளித்திருக்கும்.

எஸ்.என்.எப். இறங்குகிறது, பால் லேசாக உப்புக் கரிக்கிறது. மடிநோய் வாசலில் நிற்கிறது. மடித் திசு புண்பட்டால் லாக்டோஸ் குறையும், ரத்தத்திலிருந்து உப்பு கசியும். கஷ்டப்பட்டு ஈன்ற மாடு அதிக நேரம் படுத்தே கிடப்பதும், நஞ்சுக்கொடி தங்கி அழுக்கு வடிவதும், ரத்தத்தில் கால்சியம் குறைந்து காம்புத் துவாரம் சரியாக மூடாததும் கிருமிக்கு வசதி. கால்சியம் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள்: ரத்தத்தில் குறைந்தாலும் பாலில் குறையாது, லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலைப் பால் சீட்டில் தேடாதீர்கள். காது சில்லென்று இருக்கிறதா, எழுந்து நிற்கத் தள்ளாடுகிறதா என்று மாட்டைப் பாருங்கள்.

படி 5: நான்கு காம்பையும் தனித்தனியே சோதியுங்கள்

சீட்டு மொத்தப் பாலைத்தான் சொல்லும். சி.எம்.டி. (மடிநோயைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனை) தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால், அதே அளவு சோதனைக் கரைசல், சுழற்றுங்கள். கூழாகத் திரண்ட காம்பில் கோளாறு. கன்று போட்ட நான்கைந்து நாளில் எல்லா மாட்டுக்கும் பாலில் செல் எண்ணிக்கை (பெரும்பாலும் வெள்ளையணுக்கள், இவைதான் கூழாகத் திரள வைப்பவை) கூடுதலாகவே இருக்கும், அதனால் நான்கு காம்பும் ஒரே மாதிரி லேசாகத் திரண்டால் பயப்பட வேண்டாம், ஒன்று மட்டும் தனியாகத் திரண்டால் விடாதீர்கள். ஆன்டிபயாடிக் போட்டால் டாக்டர் சொல்லும் நாள் வரை பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

படி 6: அடுத்த சினை ஊசிக்கு நோட்டை எடுத்துப் போங்கள்

ஊசி போட வருபவரிடம் மதிப்பெண்ணைக் காட்டுங்கள். 3-க்கு மேல் போயிருந்தாலோ நஞ்சுக்கொடி தங்கியிருந்தாலோ ஊசிக்கு முன் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள். சின்ன உடம்புள்ள கிடேரிக்கு எச்.எப். ஊசி கேட்டு அடம்பிடிக்காதீர்கள், ஜெர்சிக் கன்று சிறியதாக வரும், பிறக்கும் பெண் கன்றுக்கும் பின்னாளில் பாலில் கொழுப்பு கூடுதலாக இருக்கும். கிடேரி, வளர்ந்த மாட்டு எடையில் 60 சதவீதத்தையாவது எட்டியிருக்கிறதா என்று நெஞ்சுச் சுற்றளவு டேப்பால் அளந்துவிட்டு அப்புறம் ஊசியைப் பற்றிப் பேசுங்கள்.