பட்டாம்பூச்சி மீனுக்கு வீட்டில் ஒரு கடல் தொட்டி

கடல்நீர்த் தொட்டியில், பவளப்பாறை மீனான பட்டாம்பூச்சி மீன் செத்தால் எல்லாரும் நோயைத்தான் சந்தேகிப்பார்கள். பட்டினி கிடந்து சாவதே நிறைய. அதனால் தொட்டி வாங்கும் முன்பே எந்த மீன் என்று முடிவு செய்யுங்கள்.

1. எந்த மீன்?
பட்டாம்பூச்சி மீனில் ஆரிகா, ராக்கூன், ஹெனியோகஸ் என்ற மூன்று வகைகளும் கொடுத்ததைத் தின்னப் பழகும். மெலன், செவ்ரான், ஆர்னேட் வகைகள் உயிருள்ள பவளத்தை மட்டுமே கொத்தும். எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். ஆரிகா 23 செ.மீ. வரை வளரும். அதற்கு 4×2×2 அடித் தொட்டி வேண்டும், சுமார் 450 லிட்டர்.

2. தண்ணீர்
கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு, கடல் பக்கத்தில்தானே, கேனில் பிடித்துவரலாம் என்று தோன்றும். வேண்டாம். கடலூரில் கெடிலமும் உப்பனாறும், புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறும் அழுக்கோடு கரையோரத்தில்தான் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் குறைந்துவிடும்.

ஆர்.ஓ. தண்ணீரில் மரைன் சால்ட் (கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு), லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். ஒரு நாள் பம்ப் ஓடவிட்டுக் கலக்கி, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வருகிறதா பாருங்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷின் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரையும் கலந்துவிடும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 10-க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரில் பாசிதான் வளரும்.

3. பாறையும் பாக்டீரியாவும்
பவளப்பாறைத் துண்டு யார் விற்றாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் பவளம் இருக்கிறது. செராமிக் பாறை போதும். மீன் கழிவில் வரும் அமோனியா, நைட்ரைட் என்ற நச்சுகளை மாற்றும் பாக்டீரியா அதில் வளர வேண்டும். ஓர் இறாலை நைலான் பையில் கட்டித் தொங்கவிட்டு, அமோனியா ஏறியதும் எடுத்துவிடுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் கிடையாது.

4. வெயில்
நம் ஊரில் தொட்டி தோற்கும் இடம் இதுதான். தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும். கத்திரியில் அறையே 34 போகும், பம்ப் சூடு வேறு. ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, அதனால் ஃபேனை மட்டும் நம்ப முடியாது. இந்த அளவுத் தொட்டிக்குக் கால் எச்.பி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) போடுங்கள். வற்றிய தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே இருக்கிறது.

5. வாங்குவது, தின்ன வைப்பது
கடைக்காரரை உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். கொத்தாத மீனை விட்டுவிடுங்கள். கண்ணுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தாலும் வேண்டாம்.

கொண்டுவந்த மீனை, முன்பே ஓடி பாக்டீரியா வளர்ந்த ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்ட 100 லிட்டர் தனித்தொட்டியில் 4 வாரம் வையுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் இந்த இனத்தை எளிதில் பிடிக்கும்.

இரண்டு நாளாகத் தின்னவில்லையா? மீன் மார்க்கெட்டில் மட்டி வாங்கி, ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஓடு பாதி திறந்தபடி பாறை இடுக்கில் செருகுங்கள். மீன் முதலில் சுற்றிச் சுற்றி வரும். பிறகு உடம்பைச் சாய்த்து, கூர்வாயால் சதையின் ஓரத்தைக் கிள்ளும். கிள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த வாரம் பொடியாக நறுக்கிய இறால், பிறகு ஆர்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால். வாய் சின்னது, ஒரு நாளைக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. எஞ்சிய மட்டியை ஒரு மணி நேரத்தில் எடுக்காவிட்டால் அமோனியா ஏறும். பெரிய தொட்டியில் வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

6. கரண்ட்
2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். இந்த மீனுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும்.

இரவில் விளக்கைப் போட்டால் மீனின் நிறம் மங்கி, திட்டுத்திட்டாகத் தெரியும். பதறி மருந்து ஊற்றிவிடாதீர்கள். அது தூங்கும் நிறம்.