ஆற்றோரப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

நகரத்துக்குள் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு ஆற்றோரத் தார்ப்பாதையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆற்றின் சரிவு மென்மையானது. அதை ஒட்டிச் செல்லும் பாதையிலும் ஏற்றம் குறைவு. சாலைகள் பாலங்களின் மேல் ஆற்றைக் கடக்க, பல இடங்களில் நம் பாதை பாலத்தின் அடியில் நுழைந்து மறுபுறம் போய்விடும். வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் வீடு கட்டுவது ஆபத்து என்பதால், பல நகரங்கள் அங்கே பூங்காக்களை அமைத்திருக்கின்றன. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் டானூப் ஆற்றின் வெள்ளநீரைத் திருப்ப 1972 முதல் 1988 வரை புதிய கால்வாய் வெட்டினார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய டானூப் தீவு ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இன்று நகரமே அங்கே சைக்கிள் ஓட்டுகிறது.

ஆனால் கார் வராத இடத்துக்குத்தான் குழந்தைகளும் முதியவர்களும் நாய்களும் வருகிறார்கள். ஆகவே இந்தப் பாதையில் நாம் கற்க வேண்டிய முதல் திறமை மெதுவாக ஓட்டுவதுதான்.

படி 1: தூரத்தையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

புதிதாக ஓட்டுபவருக்கு மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகம் இயல்பாக வரும். போக 5, வர 5 என்று 10 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால், இளைப்பாறுவதையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். முதல் நாளுக்கு அது தாராளம்.

கிளம்பும்முன் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். தடுக்கக் கட்டடமோ மரமோ இல்லாத நீர்ப்பரப்பின் மேல் காற்று தங்குதடையின்றி வரும். போகும்போது எதிர்க்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். மாற்றிச் செய்தால், போகும்போது பலசாலியாகத் தோன்றி வெகுதூரம் போய்விடுவோம். திரும்பும் வழியில்தான் தொல்லை தெரியும்.

படி 2: வண்டியைப் பாருங்கள்

டயரின் பக்கச்சுவரில் காற்றழுத்த அளவு அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் காற்றடியுங்கள். பிரேக் பிடியை அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. இருக்கையில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி; பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

ஹெல்மெட், தண்ணீர், மணி, முன்னும் பின்னும் விளக்கு. பகலிலும் விளக்கு எதற்கு என்பது படி 5இல் தெரியும்.

படி 3: ஓரமாக ஓட்டுங்கள்

அந்த நாட்டில் சாலையில் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறார்களோ, பெரும்பாலும் பாதையிலும் அதே பக்கம்தான். பாதையில் அம்புக்குறியோ பலகையோ வேறுவிதமாகச் சொன்னால் அதன்படி நடங்கள். நண்பருடன் போனால் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். நிற்க வேண்டுமென்றால் பாதையைவிட்டு முழுவதுமாக விலகி நில்லுங்கள்.

படி 4: நடப்பவர்களைக் கடப்பது

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பாதையில் நேரும் மோதல்களுக்கு இதில் காட்டும் அவசரமே முக்கியக் காரணம் என்பேன்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவீர்கள். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மனம் முடிவெடுக்கவே ஏறக்குறைய அந்த நேரம் ஆகும். ஆகவே முன்னால் ஆள் தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்துங்கள். சுமார் 20 மீட்டர் தொலைவிலேயே மணியை ஒருமுறை மென்மையாக அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் அவர்கள் திடுக்கிட்டு எந்தப் பக்கமும் நகரலாம். காதில் ஒலிக்கருவி இருந்தால் மணி கேட்காது. அவர் திரும்பிப் பார்க்காதவரை உங்களைத் தெரியாது என்றே கொள்ளுங்கள்.

எதிரே யாரும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, கை நீட்டினாலும் படாத அளவு இடம்விட்டுக் கடந்து, நன்றி சொல்லுங்கள். குழந்தை தனியாக நின்றால் நடைவேகத்துக்கு வந்துவிடுங்கள். அது தாயை நோக்கி எந்த நொடியிலும் ஓடலாம். பாதையின் ஒரு பக்கம் நாயும் மறுபக்கம் அதன் உரிமையாளரும் தெரிந்தால், இடையே கயிறு இருக்கிறது! தொலைவிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. நின்று, அவர் நாயை இழுத்துக்கொண்ட பிறகு போங்கள்.

வளைவில் எதிர்ப்பக்கம் தெரியாவிட்டால் கடக்கவே வேண்டாம்.

படி 5: பாலத்தின் அடியில்

வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் கண் ஓரிரு நொடி தடுமாறும். கறுப்புக் கண்ணாடியை முன்பே கழற்றி, விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரே வருபவரும் உங்களைக் காண வேண்டும். பாலத்தூண்கள் மறைக்கும் இடங்களில் மணி அடியுங்கள்.

ஆற்றுநீர் ஏறும்போது முதலில் மூழ்குவது பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதிதான். வெள்ளம் வடிந்த பிறகும் வண்டல் மெழுகுபோல் படிந்திருக்கும். அதன்மேல் ஹேண்டிலைத் திருப்பாமல், திடீர் பிரேக் போடாமல் நேராக உருளவிடுங்கள். தண்ணீர் நின்றால் ஆழத்தைக் கணக்குப் போட வேண்டாம், திரும்பிவிடுங்கள். நனைந்த மரப்பாலமும் உலோகத் தகடும் இதே அளவு வழுக்கும்.

படி 6: பூங்காவுக்குள்

பூங்காவில் பாதை பல கிளைகளாகப் பிரியும். ஆறு எந்தக் கையின் பக்கம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் வழி எளிதில் தவறாது. பழைய மரங்களின் அருகே வேர் தாரைத் தூக்கிவிட்டிருக்கும். அங்கே இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்கைகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் வாகனங்களைத் தடுக்க நட்ட கம்பங்களுக்கிடையே ஒவ்வொருவராகச் செல்லுங்கள். நடப்பவர்களுக்கு மட்டும் என்று பலகை இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பூங்கா மூடும் நேரத்தைப் போகும்போதே வாயிலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில பாதைகளில் திரும்பும் வழியும் அதே வாயில்தான்.

படி 7: திரும்புதல்

கால் வலிக்கத் தொடங்கும்முன் திரும்புங்கள். கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டால், நினைத்த தூரம் வராவிட்டாலும் அதுவே திரும்புமிடம். வீட்டுக்கு வந்ததும் செயினை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்; ஆற்றங்கரை மணல் அதில் ஒட்டியிருந்தால் பற்சக்கரங்கள் விரைவில் தேயும். அடுத்த முறை இன்னொரு பாலம்வரை போய்வாருங்கள்.