நடைபழகும் பிள்ளைகளின் அம்மாக்கள் வாரம் ஒரு மணி நேரம் கூடிப் பேசுவது எப்படி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளை வைத்திருக்கும் ஐந்து அம்மாக்கள், கடந்த ஒன்றரை ஆண்டாக வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு ஒருவர் வீட்டில் கூடிப் பேசி வருகிறோம். வீட்டில் ஆயா, தாத்தா, நாத்தனார் என்று எத்தனை பேர் இருந்தாலும், நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து விளையாடக் கூப்பிடும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல, அதே வாரத்தில் அதே போல விழித்திருந்த இன்னொருத்தி வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு தானாக அமைந்துவிடும் என்று நம்பித்தான் நாங்களும் தொடங்கினோம். இரண்டே மாதத்தில் அது, யார் பிள்ளை முதலில் நடந்தது, யார் பிள்ளைக்கு எத்தனை பல் முளைத்தது என்ற ஒப்பீடாக மாறிவிட, எங்களில் ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். அவரைத் திரும்ப அழைத்து வருவதற்காக நாங்கள் வகுத்துக்கொண்ட முறைகளைத்தான், வேறு தெருக்களில் இருக்கும் அம்மாக்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

நான்கு முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பேசி முடிக்க முடியாது. பேச்சில் கூச்சமுள்ளவர்கள் மாதக்கணக்கில் வாய் திறக்காமலே இருந்துவிடுவார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வரக்கூடிய தொலைவுக்குள் இருப்பவர்களாகப் பார்த்துச் சேருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் அம்மாக்களும், மருத்துவமனைகளில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் செவிலியர்களும் இருக்கும் தெருவாக இருந்தால், மாதத்தில் ஒரு சந்திப்பையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளையைப் பிரிந்திருக்கும் பத்து மணி நேரத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை, வீட்டிலேயே இருக்கும் நாங்கள் கேட்க வேண்டியிருந்தது. கத்திரி வெயில் காலத்தில், அதாவது மே மாதத்தில், வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஐந்து மணிக்கும் தரை சுடும் என்பதால், அப்போது மட்டும் ஆறரை மணிக்குத் தள்ளி வைக்கிறோம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். மாலைக் காற்றுக்கு மொட்டை மாடிதான் சுகம் என்று தோன்றும். ஆனால் கைப்பிடிச் சுவரின் மீது ஏறத் துடிக்கும் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே யாராலும் மனம் ஒன்றிப் பேச முடியாது. தரைத்தளத்தில், தெருக்கதவைத் தாழிடக்கூடிய ஒரு கூடமோ முன்வாசலோ போதும். கோட்டை மைதானத்துக்கு எப்போதாவது போகலாம். அகழி பக்கத்தில் இருப்பதால் அங்கே ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளையின் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டியிருக்கும், பேச்சு நடக்காது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். யார் வீட்டில் கூடுகிறோமோ அவர், பிள்ளைகள் வருவதற்கு முன் குளியலறை வாளிகளையும் அண்டாக்களையும் கவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்திருந்து குடம் குடமாகப் பிடித்து வைக்கும் நம் ஊரில் இது மனத்துக்கு ஒப்பாத வேலைதான். ஆனால் தலைகுப்புற விழுந்த குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதால், கவிழ்க்க முடியாத பாத்திரம் இருக்கும் அறையைப் பூட்டிவிடுங்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை ஆகியவற்றைத் தட்டில் வைக்காதீர்கள். அவை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் போன்ற சிறு பேட்டரியை எங்கே கண்டாலும் எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.

எங்கள் முறைகளில் மிகவும் பயன்பட்டது, ஒவ்வொரு வாரமும் ஓர் அம்மா பேச்சில் கலந்துகொள்ளாமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்வது. அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. டீ போடக்கூட எழுந்திருக்கக் கூடாது. மற்ற நால்வரும் பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அரிய விஷயம் என்பது, அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி பேச்சுக்கு வருகிறேன். நடந்ததை நடந்தபடி, நேரத்தோடும் அளவோடும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முதல் ஏற்பாடு. "என் பையன் ஒண்ணுமே சாப்பிடறதில்லைக்கா" என்று எங்களில் ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து சொல்லி வந்தார். நாங்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னோம்: கேழ்வரகுக் கூழில் வெல்லம் போடச் சொன்னார் ஒருவர், தட்டை மாற்றச் சொன்னார் ஒருவர். எதுவும் பலிக்கவில்லை. பிறகு, மூன்று நாள் பிள்ளை வாயில் போனது அத்தனையும் எழுதி வரும்படி கேட்டோம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவர் எழுதி வந்ததைப் படித்தபோது, காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் பால், எட்டு மணிக்கு இரண்டு பிஸ்கட், ஒன்பதுக்கு இட்லி கால்வாசி, பத்தரைக்குப் பால், மதியம் இரண்டு வாய் பருப்பு சாதம், தூங்கி எழுந்ததும் பால், மாலை பால், இரவு தோசை வேண்டாம் என்று துப்பிய பிறகு மீண்டும் பால் என்று இருந்தது. ஐந்து டம்ளர் பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது என்பதை நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். இந்த வயதில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாலே தாராளம். அதற்கு மேல் போனால் மற்ற உணவு குறைவதோடு, உடம்பில் இரும்புச்சத்தும் குறையும். முதல் வயதில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காக வளரும் பிள்ளை, இரண்டாம் வயதில் ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோதான் கூடும். ஆகவே பசியும் தானே அடங்கும். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து, தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்து வாருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால், ஒரு வேளை இரண்டு வாயோடு நின்றதற்காக இரவில் அழ வேண்டியதில்லை.

கேட்பவர்களுக்கும் ஒரு முறை உண்டு. ஒருவர் சொல்லி முடித்ததும் முதலில் கேள்விதான் கேட்க வேண்டும்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை எப்போது தூங்கியது, வீட்டில் யார் இருந்தார்கள் என்பது போல. அதன் பிறகு, கேட்டால் மட்டும், "எங்க வீட்டுல இப்படிச் செஞ்சோம்" என்று சொல்லலாம். "நீங்க இப்படித்தான் செய்யணும்" என்று சொல்லக் கூடாது. நேதாஜி மார்க்கெட்டில் காய்கறிக் கடை முன் தன் மகள் தரையில் புரண்டு அழுததைப் பற்றி ஒருவர் சொன்னபோது, இந்தக் கேள்விகள்தான் உதவின. அன்று பிள்ளை பகலில் தூங்கவில்லை. பதினொரு மணிக்குச் சாப்பிட்டது, அப்போது மணி இரண்டு. ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். தூக்கமும் உணவும் தவறிய பிள்ளை கடைத்தெருவில் புரண்டு அழுவதற்கு, வளர்ப்பில் குறை என்று பொருள் இல்லை. அந்த நேரத்தில் நீண்ட அறிவுரை பிள்ளையின் காதில் ஏறாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "கோவம் வந்துடுச்சா, அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். அழுகையை அடக்கக் கைபேசியைக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை கைபேசிக்காகவே அழுகை தொடங்கும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன் பிறகும் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருப்பதை நாங்கள் முழுமையாகக் கடைப்பிடிக்கிறோம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு வேளையில் மட்டும் கொடுப்பதில்லை என்று ஐவரும் ஒத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றி வருகிறோம்.

ஒப்பிட்டுப் பேசுவதை நிறுத்தியதில் பேச்சு வளர்ச்சி மட்டும் விதிவிலக்கு. வேலூரில் வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் குழுவில் உள்ள ஒருவரின் மகன் வீட்டில் "பானி" என்றும் தெருவில் "தண்ணி" என்றும் சொல்வான். இரண்டு மொழி கலப்பதால்தான் பேச்சு தாமதமாகிறது என்று உறவினர்கள் சொல்லக் கேட்டு, அவர் வீட்டில் உருது பேசுவதையே குறைக்க முனைந்தார். அது தேவையில்லை. இரு மொழிகள் கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். அப்படி எண்ணியும் ஒன்றரை வயதில் பொருளோடு சில சொற்கள்கூட வரவில்லை, இரண்டு வயதில் "பால் தா" என்பது போல இரு சொற்களைச் சேர்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "சில பிள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்று ஆறுதல் சொல்லாமல், காது கேட்கும் திறனைச் சோதிக்கக் குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கூடவே போய் வருவது இன்னும் நல்லது.

உடல்நலத்தில் எதைப் பேசித் தீர்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் கண்டிப்பான முடிவு. வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில், பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டரில், முழுவதையும் ஒரே தடவையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைப்பது தவறு. துத்தநாக (ஜிங்க்) மருந்தை மருத்துவர் சொன்னபடி 14 நாளும் கொடுக்க வேண்டும். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை. குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று எல்லோரும் அட்டையைப் பாருங்கள். இந்தியாவிலேயே உருவான அந்த மருந்தின் பெரிய பரிசோதனை டெல்லி, புனே நகரங்களோடு நம் வேலூரிலும் நடந்தது என்பதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, தடுப்பு மருந்து என்றாலே தயங்கிய ஒருவருக்கு அதில் நம்பிக்கை வந்தது. கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, மலத்தில் ரத்தம், வலிப்பு, குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுத்தல், அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

பிள்ளையின் தொண்டையிலோ வயிற்றிலோ உணவு சிக்கியிருப்பதாக நம்பி அதை வெளியே எடுக்கும் நாட்டு வழக்கமான தொக்கம் எடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை சாப்பிடவில்லை என்றால் நம் பக்கத்து ஆயாமார்கள் முதலில் சொல்வது அதைத்தான். அவர்கள் சொல்வது அக்கறையால்தான் என்பதை மறக்காமல், அதே சமயம் யாரும் பிள்ளையின் தொண்டைக்குள் விரல் விடவோ வயிற்றை அழுத்தவோ தலைகீழாகக் குலுக்கவோ விடாமல் இருக்க வேண்டும். என் மாமியாரிடம் நான், "அத்தை, முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடலாம், நீங்களும் கூட வாங்க, நீங்க சொன்னா அவர் கேட்பாரு" என்று சொல்லி அழைத்துப் போனேன். பிள்ளையின் தொண்டையை டார்ச் அடித்து மருத்துவர் அவருக்கே காட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

கடைசியாக, அம்மாவின் மனநிலை. இங்கே சொன்னது இங்கேயே இருக்க வேண்டும். கணவரிடமோ வாட்ஸ்அப்பிலோ போகக் கூடாது. இந்த உறுதி இல்லாமல் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் காலை, மூன்றாம் முறையாகச் சாம்பார் கிண்ணத்தைக் கவிழ்த்த என் மகளை முதுகில் அறைந்துவிட்டேன். ஐந்து விரலும் பதிந்திருந்ததைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வியாழக்கிழமைகள் ஆயின. சொல்லி முடித்தபோது, "எல்லாரும் அடிக்கறதுதான்" என்று யாரும் தேற்றவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. மூன்றாவது வீட்டு அக்கா, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன், பாப்பாவைப் பார்த்துக்கறேன், நீ தூங்கு" என்றார். சொன்னபடி வந்தார். ஒரு மணி நேரம் தூங்கினேன். ஆகவே, ஒருவர் தன் தவற்றையோ சோர்வையோ சொன்னால், பதிலாக நாளும் மணியும் குறித்த ஓர் உதவியைச் சொல்லுங்கள். "எதுனா வேணும்னா சொல்லு" என்று சொன்னால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணத்தோடு ஒருவர் இருந்தால், அது ஒரு மணி நேரப் பேச்சில் தீர்வதில்லை. 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண்ணை அவரோடு உட்கார்ந்தே அழையுங்கள், அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள்.

முதல் சந்திப்புக்கு இவ்வளவு போதும்: ஒவ்வொருவரும் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலும் ஒரு மாற்றுத் துணியும் கொண்டு வாருங்கள். பலகாரம் செய்ய வேண்டாம்; செய்யத் தொடங்கினால் அடுத்த வீட்டுக்காரருக்கு அது சுமையாகிவிடும். "இந்த வாரம் எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்தது, எந்த நேரம் நல்லா இருந்தது" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வரிசையாக எல்லோரிடமும் கேளுங்கள். ஆறு மணிக்கு, பேச்சு பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டு நேரம் தவறினால் வீட்டார் அடுத்த வாரம் அனுப்பத் தயங்குவார்கள். கதவைத் திறப்பதற்கு முன், வரும் வியாழக்கிழமை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யாருடைய முறை என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.