வன்னியிலிருந்து கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எப்படி

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் கொழும்புச் சுற்றுலா அநேகமாக ஒரே மாதிரித்தான். தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், முடிந்தால் விமான நிலையம், நேரம் மிஞ்சினால் நூதனசாலை. கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ இரவிரவாகப் பஸ்ஸில் போன பிள்ளைகள், நித்திரைக் கண்ணோடு கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் அரை மணித்தியாலம் வரிசையில் நடந்துவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்குவார்கள். பிள்ளைகள் மேல் பிழை இல்லை. அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது தங்கள் ஊர்ச் சாமான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் யோசனை ஒன்றே ஒன்று: அங்கே போய் வன்னியைத் தேட வையுங்கள்.

முதலில் எந்தக் கட்டடம் என்பதில் தெளிவாக இருங்கள், ஏனென்றால் பலர் பெரிய வெள்ளை மாளிகையைப் பார்த்துவிட்டு அதோடு திரும்பிவிடுகிறார்கள். கறுவாத்தோட்டத்தில், கொழும்பு 7இல் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடம் தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் கட்டி, 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறந்தது. வரைபடம் ஜே. ஜி. ஸ்மிதர் என்ற அரச கட்டடக் கலைஞருடையது, கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். சிம்மாசனமும் சிலைகளும் கல்வெட்டுகளும் அங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலாக விலங்கு, பறவை, பாறை எல்லாம் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தன. 1986 செப்டெம்பரில்தான் இயற்கை வரலாற்றுக்கென்று தனி நூதனசாலை திறந்தார்கள். அது பக்கத்திலேயே, ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கம் இருக்கிறது. நாங்கள் போகப்போவது அங்கே.

அந்த வீதியின் பெயரையும் சும்மா கடந்து போகாதீர்கள். ஆனந்த குமாரசுவாமி கலை பற்றி எழுதியவர் என்றுதான் எங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர், கல்லையும் பாறையையும் ஆராய்பவர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன், நூதனசாலை திறந்த அதே 1877இல் பிறந்தவர். இலங்கைக் கனிம ஆய்வின் முதல் பணிப்பாளராக இருந்து ஊர் ஊராகக் கல் பார்த்துத் திரிந்தவர். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் 1904இல் புதிய கனிமமாக உலகத்துக்குத் தெரிய வந்ததில் அவருடைய பங்கு பெரியது. விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வாசலிலேயே சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

சரி, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே நூதனசாலைக்கு அறிவியுங்கள், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் மாணவர் கட்டணத்தையும் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். திருத்த வேலைக்காக ஒரு பகுதி மூடியிருந்தால் அதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். ரயிலில் போனால் கோட்டையில் இறங்கி 138 ஆம் இலக்க பஸ் எடுக்கலாம். முக்கியமான விஷயம், நூதனசாலையை நாளின் முதல் வேலையாக வையுங்கள், காலிமுகத்திடலைப் பின்னேரம் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம் புறப்படுவதற்கு முந்திய வாரம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பியில் தன் வீட்டைச் சுற்றிக் கண்ட உயிர்களை எழுதட்டும். குளக்கட்டில் கண்ட முதலை, வேலியில் ஏறிய உடும்பு, மிளகாய்த் தோட்டத்துக்குள் வந்த மயில், இரவில் வயலை மிதித்த யானை, வைக்கோலுக்குள் கிடந்த முத்திரைப்புடையன் பாம்பு. அப்பப்பா, அம்மம்மாவிடம் கேட்டு, முன்பு இருந்து இப்போது காணாமல் போனவற்றையும் எழுதட்டும். இந்தப் பட்டியலோடு போகிற பிள்ளை நூதனசாலையில் ஓடாது, நின்று தேடும்.

உள்ளே போனதும் விலங்குகளைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும். நான் கல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். இலங்கையின் அடிப்பாறைகளைப் புவிச்சரிதவியலாளர்கள் பெரும் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றின் பெயரே வன்னித் தொகுதி. சுமார் 55 கோடி வருடங்களுக்கு முன், கொண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறிய பாறைகள் அவை. எங்கள் காட்டுக்குள் மொட்டையாக நிற்கும் கருங்கல் மலைகளில் தெரியும் வரிவரியான கோடுகள் அந்த நெரிசலின் அடையாளம். வடக்கே யாழ்ப்பாணமும் மன்னார்க் கரையோரமும் வேறு கதை. அங்கே இருப்பது மயோசின் என்ற, இதைவிட மிகப் பிந்திய புவிச்சரிதக் காலத்துச் சுண்ணாம்புக்கல், கடலுக்கடியில் படிந்தது, உடைத்துப் பார்த்தால் சிப்பித் தடம் தெரியும். கனிமப் பெட்டிகளில் இல்மனைட் என்ற டைட்டேனியக் கனிமம் கண்ணில் பட்டால் நிறுத்திச் சொல்லுங்கள்: கொக்கிளாய்க் கரையில் காலில் ஒட்டும் கறுப்பு மணலும் இதுதான், புல்மோட்டையில் அள்ளுவதும் இதுதான்.

வன்னிப் பெயர் இன்னும் ஒன்று இருக்கிறது, அது என்னை எப்போதும் நெகிழ வைக்கும். இலங்கையின் வறண்ட கரையோரங்களில் சரளைக்கல்லுக்கு மேல் சிவப்பு மணல் படிந்திருக்கும் ஒரு அடுக்கைத் தொல்லியலாளர்கள் ‘இரணைமடுப் படிவு’ என்கிறார்கள். எங்கள் கிளிநொச்சி இரணைமடுதான்! தெற்கே பத்திராஜவெலவில் அந்தப் படிவுக்குள் கிடைத்த கல்லாயுதங்களுக்குச் சுமார் 125,000 வருட வயது சொல்கிறார்கள், பூந்தலவில் கிடைத்தவற்றுக்குச் சுமார் 80,000. இதை விரிவாக ஆராய்ந்தவர் சிரான் தெரணியகல. அவருடைய தகப்பனார் பி. ஈ. பி. தெரணியகல 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர்.

அந்தத் தகப்பனாரின் வேலையைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கல் தேடியவர்களுக்குச் சேற்றோடு எலும்பும் பல்லும் வந்தன. அவற்றை வைத்து இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை, காட்டெருது எல்லாம் வாழ்ந்தன என்று அவர் காட்டினார். சிங்கத்துக்கு ஆதாரம் ஓரிரண்டு பற்கள்தான், அதை வைத்து 1939இல் அவர் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அவை எப்படி இந்தத் தீவுக்கு வந்தன என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். இந்தியாவிலிருந்து நடந்துதான். பனியுக காலத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது, பாக்கு நீரிணையோ ஆழம் குறைந்த கடல். மன்னாரிலிருந்து பார்த்தால் தெரியும் அந்த மணல் திட்டுகளின் பக்கம் அன்று முழுக்கத் தரை. சுமார் 7,000 வருடங்களுக்கு முன்தான் கடல் கடைசியாக மூடியது. மன்னார்ப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால் இதை அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

இப்போது விலங்குகள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், சிலவற்றுக்கு முன்னால் நீண்ட நேரம் நில்லுங்கள். எலும்புக்கூடு என்றால் வாயைப் பாருங்கள், அது ஒரு சீவனின் முழுச் சாப்பாட்டையும் சொல்லிவிடும். யானைக்கு ஒரு பக்கத் தாடையில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கடைவாய்ப் பல்தான் வேலை செய்யும். அது தேயத் தேய அடுத்தது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், வாழ்நாளில் இப்படி மொத்தம் ஆறு பல். ஆறாவதும் தேய்ந்தால் மென்று தின்ன வழியில்லாமல் யானை மெலிந்து சாகும். கரடியின் மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு இல்லை. கறையான் புற்றை உடைத்து அந்த இடைவெளியால் உறிஞ்சி எடுக்கத்தான் அந்த அமைப்பு. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகப் பயப்படும் எங்கள் ஆட்களுக்குக் கரடியின் நகம் தெரியும், இந்தப் பல் விஷயம் தெரிந்தவர்கள் குறைவு. கடற்பசுவைக் கண்டால், நிலத்தில் அதற்குக் கிட்டிய சொந்தம் யானை என்று சொல்லுங்கள், நம்பமாட்டார்கள், பரவாயில்லை. மன்னார் வளைகுடாவில் அது இன்னமும் இருக்கிறது, வலையில் சிக்கிச் சிக்கி மிகவும் குறைந்துவிட்டது.

மழைக்காட்டுப் பல்லி, தவளை வகையெல்லாம் அழகுதான், வேறெங்கும் இல்லாதவைதான். ஆனாலும் நேரம் குறைவென்றால் அவற்றை விரைவாகக் கடந்து, பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் நேரம் கொடுங்கள். வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் கண்ட பறவை எது என்று கொப்பியோடு ஒப்பிடட்டும். பாம்பை இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆறுதலாகப் பார்க்கலாம். விஷமுள்ள புடையனுக்கும் விஷமில்லாத வெங்கணாந்தி என்ற மலைப்பாம்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் படமாகவே கீறச் சொல்லுங்கள், வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு அது உயிர் காக்கும் அறிவு. போன் படத்தைவிடப் பென்சில் நல்லது, ஏனென்றால் கீறுகிற பிள்ளை செதிலின் ஒழுங்கை எண்ணிப் பார்க்கும்.

திரும்பி வந்த பிறகு பள்ளிக்கூடத்திலேயே ஒரு மூலையில் சின்ன நூதனசாலை தொடங்கலாம். ஒரு பழைய அலுமாரி போதும். கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பி, குளத்து மண், கருங்கல், சுண்ணாம்புக்கல், முதிரை, பாலை, கருங்காலி மரங்களின் விதையும் உதிர்ந்த இலையும் வைக்கலாம். உயிருள்ள எதையும் பிடிக்க வேண்டாம், முட்டை, கூடு எடுக்க வேண்டாம், சரணாலயத்துக்குள்ளிருந்து ஒரு கல்லும் எடுக்க வேண்டாம், சட்டப்படி குற்றம். இன்னொன்று வன்னியில் கட்டாயம் சொல்ல வேண்டும்: கல் தேடுகிறோம் என்று பிள்ளைகளைப் பற்றைக்குள் விடாதீர்கள். ஆட்கள் வழமையாக நடக்கிற, கண்ணிவெடி அகற்றப்பட்ட இடங்களில் மட்டும், பெரியவர் ஒருவரோடு. மண்ணைக் கிண்ட வேண்டாம், இரும்பாக எது தெரிந்தாலும் தொடாமல் வந்த வழியே திரும்பிப் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் துண்டு எழுதி ஒட்டுங்கள்: எந்த ஊர், எந்த இடம், என்ன திகதி, எடுத்தவர் யார். எங்கே எடுத்தது என்று எழுதாத கல்லை வைத்து நாளைக்கு யாரும் எதையும் ஆராய முடியாது, ஆகவே துண்டு இல்லாததை அலுமாரிக்குள் ஏற்காதீர்கள்.